அஞ்சு நாள் ஆனந்தரங்கம்

வா எய்யா, இப்படித் திண்ணையில உக்காரு. டைரி எழுதுததை மறுபடி ஆரம்பிச்சிருக்கியாமே? உங்க ஆச்சி சொன்னா. 9 வருசமாப் பரண்ல கெடந்ததை எறக்கி, தூசி தட்டி, நாலு தும்மலும் போட்டியாம். நல்ல காரியம். அந்தப் பழைய டைரியோட கடைசிப் பக்கத்தை நானும் பாத்தேன். என்ன எழுதியிருக்க? 'மத்தது நாளைக்கு விவரமா.' அந்த நாளை வாரதுக்கு 9 வருசம் ஆயிருக்கு, பாத்தியா!

சரி, வந்துட்டுல்லா? எழுத வேண்டியதுதான? அதுதான் இல்ல. மொதல்ல கடைக்குப் போன. 650 ரூவாய்க்கு ஒரு நோட்டு. தோல் அட்டை, நாரு நாரா காயிதம், சுத்திக் கட்ட ஒரு கயிறு. ஏலே, நோட்டுக்கு எதுக்குலே கயிறு? அவுத்துக்கிட்டு ஓடிருமா? பெறகு மைப்பேனா. பெறகு போன்ல ஒரு ஆப்பு. ராத்திரி ஒம்பதரைக்கு மணியடிச்சு, 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?'னு கேக்குதாம். இதையே ஆச்சி கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவ. என்னடான்னு கேட்டா 'ஜர்னலிங்'ங்க. மாடு இன்னும் வாங்கல, அதுக்குள்ள மணிக்குப் பேரம்!

அதை விடு. மொதப் பக்கத்துல என்ன எழுதின? மன்னிப்பு. நாலு பக்கத்துக்கு மன்னிப்பு! வேலை, கலியாணம், கொரோனா, மன அழுத்தம்னு ஒண்ணு விடல. ஆருகிட்ட எய்யா கேக்க? ஒன் வரவுக்கு டைரி வாசல்ல கோலம் போட்டுக் காத்துக்கிட்டா கெடந்துச்சு? கரப்பான் அதுல குடித்தனம் நடத்துச்சு, அவ்வளவுதான். மன்னிப்பு எழுதுன களைப்புல அஞ்சாம் பக்கம் வெள்ளையாக் கெடக்கு.

புதுச்சேரியில ஆனந்தரங்கம் பிள்ளைன்னு ஒரு மனுசன் இருந்தாரு. பெறகு கவர்னர் துய்ப்ளேக்சுக்கே துபாசியா, அதாவது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லுதவரா, இருந்தவரு. 1736-ல எழுத ஒக்காரும்போது அவருக்கு ஒன் வயசுதான், 27. 1761-ல கண்ணை மூடுத காலம் வரைக்கும் நோட்டை விடல. என்ன எழுதினாரு? எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு எறங்குச்சு, கவர்னர் என்ன சொன்னாரு, ஆருக்கும் ஆருக்கும் லடாய். கண்ணால பாத்தது, காதால கேட்டது. ஊர் வம்புன்னு வச்சுக்கயேன். நடுநடுவே நாள் விட்டும் போயிருக்கு. அவரு போயி 85 வருசம் கழிச்சு, 1846-ல ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தர் கண்ணுல பட்டுச்சு. பெறகு இங்கிலீசுல மட்டும் 12 வால்யூம் ஆச்சு. அவருக்கு ஆரும் ராத்திரி மணியடிச்சு மனசு எப்படி இருக்குன்னு கேக்கல.

இப்ப ஜனவரி பொறந்தா, அஞ்சு நாளைக்கு எல்லாருமே ஆனந்தரங்கம் பிள்ளைதான். ஆறாம் நாள்லருந்து அது பால் கணக்கு. பொங்கலுக்கு மேல பிள்ளைக பொம்மை வரையுத நோட்டு.

என் நோட்டைப் பாத்திருக்கியா? உரக்கடைக்காரன் ஓசியாக் குடுத்தது. அந்தா, ஆணியில தொங்குது. ஆமா, அதுக்கும் கயிறு இருக்கு. சணல் கயிறு, எலி எட்டாம இருக்க. அதுல ஒரு எடத்துல, 'கருத்த ஆடு ரெண்டு குட்டி. ஒண்ணு கெடா.' அதுக்கு அடுத்த வரி, 'மழை. அறுத்துப்போட்ட உளுந்து நனைஞ்சு போச்சு.' ரெண்டு வரிக்கும் நடுவுல மூணு வருசம். எங்க போயிருந்தேன்னு கேக்கியா? எங்கயும் போகல. பேனா தொலைஞ்சு போச்சு. மாடாக்குழியில ஒரு மொட்டைப் பென்சில் கெடச்ச அன்னைக்கு மழை பேஞ்சுது, எழுதினேன். மன்னிப்பெல்லாம் கேக்கல. நான் எழுதாத மூணு வருசமும் ஆடு குட்டி போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

தூந்த கெணத்துல எறங்குதவன், சுவருக்கு வெள்ளையடிச்சுட்டா எறங்குதான்? எறங்கித் தூர் வாரணும். மொத வாளியில சகதிதான் வரும். ஒத்தச் செருப்பு வரும், ஒடஞ்ச செம்பு வரும், எவனோ போட்ட சைக்கிள் டயர் வரும். ஒனக்கு மொத வாளியிலயே எளநித் தண்ணி வேணும்னா நடக்குமாலே? இன்னைக்குத் தேதியப் போடு. காலையில தின்னது இட்லியா பழையதான்னு எழுது. அதுவும் தோணலையா, பக்கத்து வீட்டுல என்ன சத்தம்னு எழுது. மூணு வரி எழுதிட்டுப் படு.

நேத்து ராத்திரி நானும் எழுதினேன். படிக்கட்டா? 'வெள்ளிக்கெழமை. வெக்கை. ஆச்சிக்கு மூட்டு வலி. ஒருத்தன் 650 ரூவாய்க்கு வெள்ளைத்தாள் வாங்கியிருக்கான்.'

மொறைக்காத. பேரு போடலய்யா. அதை நாளைக்கு விவரமா எழுதலாம்னு விட்டுட்டேன்.