பத்து போட்டுடுங்க சார்

பத்துக்கு ஏழு மார்க் போட்டதற்காக மூன்று பேர் காரில் வந்து இறங்கிய வீடு எங்கள் வட்டாரத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். நேற்றுக் காலைதான் வந்தார்கள். ஒருவர் கையில் லேப்டாப், ஒருவர் கையில் மைசூர்பா பாக்ஸ், மூன்றாமவர் சும்மா, வருத்தப்படுவதற்காக.

மண் அள்ளும் மெஷின் இரண்டு வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறேன். பழசு ஒன்று, வாரன்டியில் இருக்கும் புதுசு ஒன்று. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் மஞ்சளாக இருந்தால் எல்லாமே ஜேசிபிதான், என்னுடையதையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் வயிற்றெரிச்சலுக்கும் அந்தப் பெயருள்ள கம்பெனிக்கும் சம்பந்தமில்லை.

புது வண்டியில் பூம் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தது. தூக்கி நிறுத்திய கை தானாகவே இறங்கும். உள்ளே தேய்ந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சீல். முப்பது சொச்சம் லட்ச ரூபாய் வண்டி, அந்த வளையத்துக்காக அமாவாசையில் நின்றது பௌர்ணமிக்குத்தான் நகர்ந்தது. டிரைவர் பேட்டா நிற்கவில்லை, டியூ நிற்கவில்லை. பாதி வெட்டிய கிணற்றுக்காரர் மட்டும் வாசலில் வந்து நின்றார்.

வாரன்டி இருப்பதால் வெளி ஆள் கை வைக்கக் கூடாது. கம்பெனிக்குப் போன் போட்டால் என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. இத்தனைக்கும் வண்டிக்குள்ளேயே ஜிபிஎஸ், சிம் கார்டு எல்லாம் உண்டு. எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். 500 மணி நேரம் நெருங்கினால் ஆயில் மாற்றச் சொல்லி மெசேஜ் வரும். கடைசியில் கிளம்பிய இன்ஜினியர் தம்பி போனில் கேட்ட முதல் கேள்வி: “சார், லொகேஷன் அனுப்புங்க.”

சீல் வந்த கதையைச் சொல்லவே வேண்டாம். ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டாச்சு, டிரைவர் நம்பர் வாங்கிக்கோங்க, விடியக்காலை பைபாஸில் நில்லுங்க. உங்களில் பாதிப் பேர் அந்த பைபாஸில் என் பக்கத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

வேலை முடிந்ததும் தம்பி கை துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து குரலைத் தணித்தான். “சார், ஆபீஸ்ல இருந்து ஒரு கால் வரும். பத்து போட்டுடுங்க சார். ஒம்பது போட்டாக்கூட மேனேஜர் கூப்பிட்டுக் கேப்பாரு சார்.” பாவம், டிப்ளமோ படித்த பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனாலும் ஏழு போட்டேன். அந்த மூன்று மார்க்கை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே, அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தப் பத்தை விசாரித்துவிடலாம். அமெரிக்காவில் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் 2003இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய வினை இது. எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள் என்று ஒரே ஒரு கேள்வி. 9, 10 போட்டவன் உங்கள் புகழ் பாடுகிறவன். 7, 8 போட்டவன் கணக்கிலேயே கிடையாது. 6ம் அதற்குக் கீழும் போட்டவன் பகையாளி. பாடுகிறவர்களின் சதவீதத்தில் பகையாளிகளின் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் கம்பெனியின் யோக்கியதை.

அமெரிக்காவுக்குச் சரி. 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். 60 எடுத்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பில் தேறிய பையனைப் பகையாளி என்று சொல்லும் கணக்கை இங்கே யார் இறக்குமதி செய்தது? எங்கள் தமிழ் ஐயா கட்டுரைக்கு ஆறரைக்கு மேல் போட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த அரையும் ஓரத்தில் கோடு போட்டதற்கு. ஏழு வாங்கியவன் நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான்.

அதை விடுங்கள், ஜாதகத்துக்கு வாருங்கள். பொருத்தம் மொத்தம் பத்து. பத்தும் பொருந்தின ஜாதகத்தை எந்த ஜோசியராவது உங்களிடம் நீட்டியிருக்கிறாரா? நீட்டினால் நமக்கே சந்தேகம் வரும், மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே அவரைப் பார்த்துவிட்டார்களோ என்று. ரஜ்ஜு தட்டாமல் ஏழு பொருந்தினால் அன்று சாயங்காலமே மண்டபம் காலியா என்று விசாரிக்கிறோம். ஆறுக்கும் சரி என்கிறோம். அவசரமென்றால் ஐந்துக்குப் பரிகாரம் கேட்கிறோம். ஏழில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்து, அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வரை போய் வருகிற ஊரில், ஏழு மார்க்கில் ஒரு ஆயில் சீல் மாற்றிக்கொள்ளக் கூடாதா? ஜோசியர் என்றைக்காவது போன் போட்டு “பத்து போட்டுடுங்க” என்றாரா? கல்யாணம் ஆனவர்கள் பத்துக்கு எத்தனை போடுவார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பாருங்களேன். என் வீட்டில் கேட்க வேண்டாம்.

போன் செய்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

“ஏழுங்களா சார்? எங்க சர்வீஸ்ல என்ன குறை சார்?”

“சீல் லேட்டும்மா.”

“இப்ப மாத்திட்டாங்கல்ல சார்?”

“மாத்திட்டாங்க.”

“வண்டி ஓடுதுங்களா சார்?”

“ஓடுதும்மா.”

“அப்பப் பத்துன்னு போட்டுக்கட்டுங்களா சார்?”

ஏழு என்றேன். மறுநாள் விடிந்ததும் கார் வந்துவிட்டது. அதே ஆபீஸ், அதே ரோடு, அதே தூரம். சீலுக்கு இல்லாத கார், மார்க்குக்கு இருக்கிறது. லேப்டாப்காரர் படம் ஒன்றைத் திறந்து காட்டினார். மாவட்டம் முழுக்கப் பச்சை, ஒரு இடத்தில் மட்டும் மஞ்சள் புள்ளி. “அது நீங்கதான் சார்” என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக என் வீட்டை வழி கேட்காமல் கண்டுபிடித்திருந்தார்கள். கிளம்பும்போது சலுகை அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். ஒரிஜினல் பார்ட்ஸ் வாங்க வாங்கப் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் தொப்பி.

தொப்பி கொடுக்காமலும் ஆளைப் பிடிக்கலாம். ஜேசிபியை ஆரம்பித்த ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1945இல் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டரில் ஒரு சின்ன கராஜில் டிரெய்லர் செய்து விற்கத் தொடங்கியவர். பின்னால் மெஷின் விற்கும்போது, டிரைவர் உள்ளேயே டீ போட்டுக்கொள்ளட்டும் என்று கேபினில் மின்சாரக் கெட்டிலுக்கு வழி செய்து கொடுத்தாராம். குளிரில் டீ கிடைத்தவன் உட்கார்ந்து மார்க்கா போட்டுக்கொண்டிருப்பான்?

பழைய வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதற்கு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். போன் எடுக்க மாட்டார். வருகிறேன் என்ற நாளில் வர மாட்டார். வந்ததும் வணக்கம் சொல்லாமல் நேரே பின்னைத் தொட்டுப் பார்த்து, “கிரீஸ் அடிச்சு எத்தன நாளாச்சு தம்பி? இது வண்டியா, பழைய இரும்பா?” என்பார். ஹைட்ராலிக்குக்குத் தூசிதான் விஷம் என்று டிரைவரை அரை மணி நேரம் திட்டுவார். திட்டிவிட்டுப் புளியமரத்தடியில் சாக்கை விரித்து, வெற்றிலைப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்திருக்கும் சீலை எடுத்து வாயால் ஊதுவார். ஆனால் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் விரலை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று. பிறகு சீலை அவரைக்கொட்டை போல மடித்து உள்ளே விட்டு, பள்ளத்தில் அதுவாக விரிய விடுவார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிற பேச்சே கிடையாது. கடைசியாக வந்த அன்று, போகிற போக்கில் புது வண்டியையும் ஒரு பார்வை பார்த்தார். “ராடுல கோடு உழுந்திருக்குது. அதப் பாக்காம சீல மாத்துனா, இன்னொரு மாசத்துல அறுத்துப்போடும்” என்றார். கை வைக்கவில்லை. வாரன்டி மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

கட்சி மாறுகிறோம், ஜோசியரை மாற்றுகிறோம், மெக்கானிக்கை மாற்றுவதில்லை. விசுவாசம் என்று கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். எனக்கு இருப்பது பயம். அவர் இல்லாத நேரத்தில் வேறு ஆள் ஒரு போல்ட்டைத் திருகியிருந்தாலும் தெரிந்துவிடும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “யார் கை வெச்சது?” என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வண்டி ஓனரை நான் பார்த்ததில்லை.

பில் கிடையாது. வேலை முடிந்து எவ்வளவு என்று கேட்டால் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “நீங்களாப் பாத்துக் குடுங்க தம்பி” என்பார். ஒரு தொகை சொல்லித் தொலைத்தால் பேரமாவது பேசலாம். பாத்துக் குடுங்க என்றால் நாமே மனசுக்குள் ஏலம் விட்டு, நாமே ஏற்றி, போன தடவைக்குக் குறையக் கூடாது என்று கூட ஐந்நூறு வைக்க வேண்டியிருக்கிறது. எண்ணாமல் மடித்து வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனால், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன் படியில் நின்றுகொண்டு தலையைச் சொறிகிறான்.

“அண்ணா, அது அவருக்குங்ணா. எனக்கு?”