லைக்ராவின் பங்காளி: பழைய லான்சரின் தேய்ந்த புஷ் குறித்த ஆய்வுரை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கும். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டையும் பற்றிக்கொண்டு நடுவில் ரப்பர். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம், காரின் உடம்போடு சேரும் இடத்தில் இது ஒளிந்திருக்கும். பட்டறைகளில் புஷ் என்பார்கள். எந்த ஷோரூமிலும் இதைக் காட்டி வண்டி விற்பதில்லை. ஆனாலும் திருப்பூரிலிருந்து பல்லடம் போய்த் திரும்பும் ஒருவரின் முதுகெலும்பு, மனநிலை, இல்லற அமைதி ஆகிய மூன்றும் இதன் கையில்தான் இருக்கின்றன என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் எது ஸ்போர்ட்ஸ் கார் என்ற எல்லைத் தகராறைத் தீர்த்துவிடுவோம். கறாராகப் பார்த்தால், நம் நாட்டில் 1998 வாக்கில் வந்த சான் ஸ்டார்ம் போன்ற ஒன்றிரண்டுதான் தேறும். இரண்டே சீட்டு, ஃபைபர் உடம்பு, ரெனால்ட் எஞ்சின். மாமனார் மாமியாரை ஏற்றிக்கொண்டு அவினாசி தேருக்குப் போக முடியாத வண்டியைக் கொங்கு நாட்டில் வாகனம் என்று ஒப்புக்கொள்வது கடினம். ஆகவே இலக்கணத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அதே காலத்தில் நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சரையும் சேர்த்துக்கொள்கிறோம். நான்கு கதவு இருப்பது குறைதான். ஆனால் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியனான டாமி மாக்கினென் ஓட்டியது லான்சர் எவல்யூஷன். அந்த எஞ்சினுக்கும் இந்த எஞ்சினுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, பெயர்தான் ஒன்று. பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்பது பழைய கார் வைத்திருப்போரிடையே நிலைபெற்றுவிட்ட கொள்கை.

நோய்க்குறிகள் மெதுவாகத்தான் வரும். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். அலைன்மென்ட் செய்தால் சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. முதலில் ரோட்டைத் திட்டுவது, பிறகு டயர் கடைக்காரரைத் திட்டுவது, எல்லாம் ஓய்ந்தபின் லீவர் கம்பியைக் கொடுத்து ஆர்மை நெம்பிப் பார்ப்பது என்பதே மரபான வரிசை. நெம்பினால் ரப்பர் வாய் பிளந்து இளிக்கும். வெயில், ஓசோன், மேலிருந்து ஒழுகும் எஞ்சின் ஆயில், இவற்றோடு 25 வருட முதுமை. இளிக்காமல் என்ன செய்யும்?

வரலாற்றையும் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரப்பர் வருவதற்கு முன் இந்த இடங்களில் உலோகப் புஷ்தான். கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் புஷ் உராய்வதில்லை, முறுகுகிறது. உள்குழாய் போல்ட்டோடு இறுகியிருக்கிறது, வெளிவளையம் ஆர்மோடு இறுகியிருக்கிறது, ஆட்டமெல்லாம் ரப்பரின் உடம்புக்குள்ளேயே நடந்து முடிகிறது. கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. 1839-ல் சார்லஸ் குட்இயர், ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தையைக் கண்டதால் வந்த பாக்கியம் இது. அவர் 1860-ல் பெருங்கடனோடு இறந்தார். பழைய கார் வைத்திருப்போர் இதைத் தனிப்பட்ட ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம்மூர் விஷயம். தேய்ந்த ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போட்டால் கார் பந்தயக் குதிரையாகிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். பாலியூரித்தேன் 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உண்டாக்கியது. அந்த வம்சத்துச் சரக்கை இழையாக இழுத்து 1958-ல் டூபாண்டின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பேண்டெக்ஸ் ஆக்கினார். திருப்பூர் முழுக்க அதற்கு லைக்ரா என்று பெயர். ஆக, லெகிங்ஸில் இழுபடுவதும் லான்சரின் அடிவயிற்றில் பூட்டச் சொல்லி விற்பதும் பங்காளிகள். பிரிண்டிங் பட்டறையில் டி-ஷர்ட் மேல் மையை இழுக்கிற ஸ்குவீஜியின் பட்டையும் அதே குடும்பம்தான். அதை 65-ஆ, 75-ஆ என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஷோர் ஏ கடினம். புஷ் விற்பவர் சொல்வதும் அதே அளவைத்தான். சாதாரண ரப்பர் புஷ் 50-க்கும் 65-க்கும் நடுவே நிற்கும், பாலி 80, 90 என்று ஏறும். வெளியூர்க் கார்ப் பித்தர்கள் தலையைச் சொறியும் இந்த எண்ணைக் காதர்பேட்டைப் பக்கத்துப் பிரிண்டிங் மேஸ்திரி கட்டைவிரல் நகத்தால் அழுத்தியே சொல்லிவிடுவார். துணியை இழுத்துவிட்டு ‘ரெக்கவரி’ பார்த்தே முடி நரைத்தவர்களின் ஊரில் புஷ் ஆராய்ச்சி வளராமல் போனதுதான் ஆச்சரியம்.

களச் சான்று ஒன்று. பனியன் கம்பெனி நடத்தும் ஓர் அன்பர், பின்பக்கத்து மல்டி லிங்க் வரை ஓரிடம் விடாமல் பாலி போட்டுவிட்டு, மனைவியைத் தாராபுரம் ரோட்டில் அழைத்துப் போனார்.

“பாத்தியா, இப்பத்தான் ரோடு கைக்கே தெரியுது.”

“எனக்குக் கண்ணாடி வழியாவே தெரியுதுங்க. இந்தச் சத்தத்துக்கா இத்தனை செலவு பண்ணுனீங்க?”

இந்த மறுப்புக்கு அவரிடம் இன்றுவரை பதில் இல்லை.

கோவைக்காரர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவர்தன் ஊர்க்காரர்கள் அல்லவா! 1995-ல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இருக்கிறது. ஃபார்முலா கார்களில் ஆர்ம் சேரும் இடத்தில் ரப்பரே கிடையாது, உலோகக் குண்டு மூட்டுதான் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கார் சுமார் 2 கிலோமீட்டர் வழவழப்பான தடத்தில் சுற்றிவிட்டு, மாலையில் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. நம்முடையது காங்கயம் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

எனவே நம் தீர்ப்பு கலப்புதான். ஸ்டெபிலைசர் பாருக்குப் பாலி தாராளமாகப் போடலாம். அங்கே விறைப்பு நல்லது, வீட்டாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. முன் லோயர் ஆர்முக்கு ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். உரிய கிரீஸ் தடவாவிட்டால் கீச்கீச்சென்று கத்தும். பின்னால் டிரெயிலிங் ஆர்மில் மட்டும் கைவைக்க வேண்டாம். அது ஏறி இறங்குவதோடு பக்கவாட்டிலும் சாய்ந்து கொடுக்க வேண்டும். ரப்பர் எல்லாத் திசைக்கும் இணங்கும். பாலி ஒரே அச்சில்தான் சுழலும். மற்றத் திசையில் மல்லுக்கட்டி, வேலையைப் பிராக்கெட்டின் தலையில் கட்டிவிடும். புதிதாக ஒரிஜினல் ரப்பர் போட்ட லான்சரே பலருக்குத் தாங்கள் மறந்துபோன காராகத் தெரியும்.

எந்த ரப்பரானாலும் பூட்டும் முறையில்தான் ஆயுள் இருக்கிறது. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவது பட்டறை வழக்கம். அப்போது தொங்குகிற நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும், நின்றாலும் ஓடினாலும் அது முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பிட் இல்லாத பட்டறையில் இதற்கு ஒருவர் மல்லாந்து உள்ளே போயாக வேண்டும். பாலியைக் கழற்றிவிட்டு ரப்பருக்கே திரும்பிய மேற்படி அன்பர், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார். ‘நேவி ப்ளூ, மீடியம், 48 பீஸ்’ என்ற எழுத்தின் மேல் முதுகை வைத்து மெக்கானிக் உள்ளே நகர்ந்தார். அன்பர் செல்போன் வெளிச்சத்தோடு பம்பருக்குக் கீழே தலையை நீட்டினார்.

“ஏனுங்கண்ணா, பையர் வந்து செக்கிங் பாத்தாக்கூட இப்படிக் குனிய மாட்டாருங்க.”

“அந்த இடதுபக்கத்து போல்ட்ட இன்னொருக்கா இறுக்குங்க” என்றார் அன்பர்.