கைக்கிளைத் திணையில் பிளேஸ்டேஷன்: சேர்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர். விரும்பப்படும் பக்கத்திலிருந்து பதில் வராது. விரும்புகிறவர் மட்டும் இளைத்துக்கொண்டே போவார். உரையாசிரியர்கள் காட்டாமல் விட்ட ஓர் எடுத்துக்காட்டு, ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு எழுதிப் பிழைக்கும் என் வீட்டில் பத்து மாதமாக நடக்கிறது. தலைவன், என் அக்கா மகன். வயது 19, சேலத்தில் பொறியியல் படிப்பு. தலைவி, 2024 ஏப்ரலில் இந்தியக் கடைகளுக்கு வந்த மெலிந்த ரக பிளேஸ்டேஷன் 5, எடை 3.2 கிலோ, வந்தபோது விலை 54,990 ரூபாய்.

கைக்கிளைக்குப் படி நான்கு: காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல். காட்சி சேலத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஐயம்தான் ஆய்வுக்குரியது. பழைய தலைவனுக்கு, எதிரே நிற்பவள் தெய்வமா மானுடமா என்று ஐயம். இவனுக்கு டிஸ்க் போடுவதா டிஜிட்டலா என்று ஐயம். வந்த புதிதில் டிஜிட்டல் 10,000 ரூபாய் மலிவு. ஆனால் ஆட்டம் ஒவ்வொன்றையும் இணையத்தில்தான் இறக்க வேண்டும். ஆடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வழியும் கிடையாது. எங்கள் மேட்டில் நல்ல நாளில் வரும் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் 100 ஜிபி ஆட்டம் இறங்க 11 மணி நேரம் ஆகும். இது குறிஞ்சிக்குள் புகுந்த முல்லை, அதாவது இருத்தல். பத்தாவது மணியில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்து கரண்ட் போனால் நெய்தல், இரங்கல்.

பாலையும் உண்டு. இதைவிட வலுவான ப்ரோ ரகம் 2024 நவம்பரில் வெளிநாடுகளில் இறங்கியது. அதன் வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை. அவனுக்கு அது பிரிவு. என் பர்ஸுக்குப் பாலைவனத்தில் ஒரு சோலை.

“மலையில இருக்கறவனுக்கு இது எதுக்கு?” என்பது அக்காவின் கட்சி. இக்கூற்று இலக்கணப்படி நிற்காது. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசியிலிருந்து தை வரை, நடுச்சாமத்தில், கம்பளிக்குள் உட்கார்ந்து ஆடப்படும் பொருள் குறிஞ்சிக்கு உரியதில்லை என்றால் வேறு எது உரியது? கருப்பொருள்களை அடுக்கி வந்த தொல்காப்பியரும் கடைசியில் ‘பிறவும்’ என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். காப்பியே அந்த வாசல் வழியாக வந்ததுதான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட அந்நியச் செடி இன்று எங்கள் சோறு.

இனி விலை. ஏற்காட்டில் ரூபாய்க் கணக்கு யாருக்கும் உறைக்காது. மிளகில் சொல்ல வேண்டும். கிலோ 650 என்று வைத்தால் இந்தப் பெட்டி 84 கிலோ 600 கிராம். கொடிக்கு இரண்டு கிலோ என்றால் 42 கொடி. அதுவும் காய்ந்த மிளகு. பச்சையில் மூன்று பங்கு பறித்தால்தான் காய்ந்து ஒரு பங்கு நிற்கும். ஆக, கால் டன். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்திக் கட்டி, இடுப்பில் சாக்கோடு ஏறி, ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு மறுகையால் சரம் சரமாகக் கிள்ளுகிறவரைக் கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். ஏறியவருக்கு எது வலிக்கும் என்று கணக்கேட்டில் கலம் இல்லை.

இதை விளக்கியபோது ஆய்வுப்பொருள் குறுக்கிட்டது.

“மாமா, மிளகு வருஷா வருஷம் காய்க்கும். இதை ஒரு தடவைதானே வாங்கப்போறோம்?”

“பெரிய ஆட்டம் ஒண்ணு 4,999டா மாப்ளே. ஏழே முக்கால் கிலோ. அதையும் வருஷா வருஷம்தானே கேப்பே?”

மின்செலவை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. ஐந்து மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

துணிவு போன ஞாயிற்றுக்கிழமை நேர்ந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு டிவி அலமாரித் தட்டை அளந்தான். உயரம் 34 சென்டிமீட்டர். பெட்டி 35.8. முகம் தொங்கிவிட்டது.

“நிக்காது மாமா.”

“படுக்க வை. பத்து சென்டிமீட்டர்கூட வராது. நிக்க வைக்கணும்னா ஸ்டாண்டுக்குத் தனிக் காசு” என்றேன், கணக்கேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தான். நான்காம் படி அது.