வேலை அரை மணித்தியாலம்

லண்டன் குட்மேய்ஸில் ஒரு காரின் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோவதானால் முதலில் படிவம் வேண்டும். யாழ்ப்பாணத்தில், நான் சொல்லும் காலத்தில், முதலில் பெற்றோல் வேண்டும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, சீமெந்து என்று அரசின் தடைப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் போயிற்று. ஆனாலும் கார்கள் ஓய்ந்துவிடவில்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்று எங்கள் அப்பாமாரின் இளமைக்கால வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. ஆகவே மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். தெருமுனையில் முதலில் புகை வரும். அதன் பின்னால் கார் வரும்.

எங்கள் வீட்டில் நின்றது ஃபோர்ட் அங்கிலியா. 1959இல் டகன்ஹாம் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கிய ரகம். அந்த டகன்ஹாமுக்கு இப்போது நான் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் குடியிருக்கிறேன். காரின் ஊருக்கு நான் வந்து சேர்ந்தேன். கார் என் ஊரில் துருப்பிடித்து முடிந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு இலாபம் என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

அங்கிலியாவின் தாங்கி ஒழுகத் தொடங்கியபோது முதல் வைத்தியம் சவர்க்காரம். கட்டிச் சவர்க்காரத்தைப் பிசைந்து ஓட்டையில் அப்பினால் ஒழுக்கு நிற்கும். அது பெற்றோலிலும் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. வீடுகளில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. மனிதருக்குப் பனம்பழம், காருக்குச் சவர்க்காரம் என்று அம்மா முணுமுணுத்தது நியாயம்தான்.

சவர்க்காரமும் கைவிட்டால் கராச். வேப்பமரத்தின் கீழே நாலு தகரம், ஒரு மண்ணெண்ணெய்ப் பரல், காதுக்கு மேல் சுருட்டுச் செருகிய மெக்கானிக் அண்ணை. மின்சாரம் இல்லாததால் ஆர்க் வெல்டிங் இல்லை. ஒட்சிசன் சிலிண்டர் கண்ணில் படாததால் காஸ் வெல்டிங்கும் இல்லை. கரியடுப்பில் செப்புக் கோலைக் காய்ச்சி, ஈயம் வைத்து ஒட்டவேண்டியதுதான். அதற்கு முன்னர் ஒரு சடங்கு உண்டு. தாங்கியைக் கழற்றி, மிச்ச எண்ணெயை வடித்து, கொதிநீரும் சோடாவும் விட்டுக் குலுக்கிக் கழுவி, வாயைத் திறந்து வெயிலில் வைப்பார். பிறகு ஓட்டை மேலே வரும்படி சாய்த்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்புவார். கடைசியாக மூக்கை வாயில் வைத்து மோந்து பார்ப்பார். அந்த மூக்குத்தான் அந்தக் கராச்சின் ஒரே கருவி.

"தம்பி, நிரம்பின தாங்கிக்குப் பயப்பிடாதை. வெறுந் தாங்கிக்குப் பயப்பிடு" என்பார்.

அவர் சொன்னது முழு உண்மை. காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 பங்கைத் தாண்டினாலும் பற்றாது. நிரம்பிய தாங்கியில் மேலே உள்ள சிறு இடைவெளியில் ஆவி அளவுக்கு மிஞ்சியிருக்கும். வெறுந் தாங்கியில்தான் காற்றும் ஆவியும் ஒன்றுக்கொன்று பொருந்திவரும். 30 லீற்றர் தாங்கி ஒன்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர அரைத் தேக்கரண்டி பெற்றோல் ஆவியானாலே போதும். பெற்றோல் −40 பாகைக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். அதற்கு வேப்பமரத்து நிழலும் ஒன்றுதான், சைபீரியாவும் ஒன்றுதான்.

ஆனால் அண்ணைக்குத் தெரியாத கதைகளும் இருந்தன. மண்ணெண்ணெயை நாங்கள் சாதுவாகவே நினைத்தோம். வீட்டில் விளக்கேற்றும் சாமானுக்கு யார் பயப்படுவார்கள்? அது பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்க 38 பாகையோ சற்றுக் கூடவோ வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த 38 வெகு தூரத்தில் இல்லை. அதோடு கொஞ்சம் பெற்றோல் கலந்திருந்தால் அந்தக் கணக்கே இல்லை. மண்ணெண்ணெய் ஆவி சுடர் இல்லாமலே தானாகப் பற்றச் சுமார் 210 பாகை போதும். ஈயத்தை உருக்கக் காய்ச்சிய செப்புக்கோல் அதைவிடச் சூடு. அடுப்பை எட்டத் தள்ளி, காற்றடிக்கும் பக்கம் பார்த்து வைத்தார் என்பதால் நாங்கள் இன்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். மற்றப்படி, தலைக்கு மேலே பொம்மர் சுற்றுகிற நாட்டில் தாங்கிக்குள் இருக்கும் ஆவியைப் பற்றி யோசிக்க ஆளில்லை. சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். தாங்கியும் அடுப்பும் வெளியே தனியாக நின்றன.

இனிக் குட்மேய்ஸ். இங்கே கார் துருப்பிடிப்பதற்குக் கடல் தேவையில்லை. பனிக்காலம் வந்தால் தெருவில் உப்புத் தூவுவார்கள். யாழ்ப்பாணத்தில் கடல் இலவசமாகச் செய்த வேலையை இங்கே எங்கள் வரிப்பணத்தில் செய்கிறார்கள். அந்த உப்பு என் காரின் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டைத் தின்றுவிட்டது. வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனையில் கார் தவறியது. சஸ்பென்சன், இருக்கைப் பட்டி போன்றவை பூட்டும் இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகடு உக்கியிருந்தால் விடமாட்டார்கள். அங்கே ஒட்டுகிற துண்டுக்கும் விளிம்பு முழுவதும் இடைவெளியில்லாமல் வெல்டிங் ஓடவேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்தால் செல்லாது. அந்தத் தகட்டை ஒட்டியபடியேதான் பெற்றோல் குழாய் பின்பக்கம் போகிறது.

கராச்சில் இருந்த தம்பியும் எங்கள் ஊர்க்காரர்தான்.

"காலமை விட்டிட்டுப் போங்கோ அண்ணை. பின்னேரம்தான் கிடைக்கும்."

"ஏன் தம்பி, அரை மணித்தியால வேலைதானே?"

"வேலை அரை மணித்தியாலம்தான். மிச்சம் பயம்."

அந்தப் பயத்தை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று பார்க்க நானும் நின்றேன். முதலில் பற்றரியைக் கழற்றினார். பழைய காரின் பெற்றோல் பம்பு மெதுவாக உறிஞ்சித் தள்ளும். இன்றைய காரில் எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும், அவிழ்த்த இடத்தில் பீச்சியடிக்கும். அந்த அழுத்தத்தை இறக்கி, பெற்றோலை இதற்கென்றே உள்ள மூடிய உறிஞ்சு கருவியால் வெளியே, திறந்த வெளியில் வாங்கினார். காருக்குக் கீழே இறங்கி நின்று வேலை பார்க்கும் குழிக்கு மேல் இதைச் செய்யவே கூடாது என்றார். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம். குழியைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறி வரும் மட்டும் எழும்பாது. பிறகு தாங்கியை இறக்கித் தூர வைத்தார். அது பிளாஸ்ரிக் தாங்கி. வேப்பமரத்து அண்ணை அதைப் பார்த்திருந்தால் செப்புக் கோலைக் கீழே வைத்திருப்பார். குழாயின் ஒரு பகுதி நைலோன்; பக்கத்துத் தகடு சூடானாலே உருகும் என்று அதையும் ஒதுக்கிக் கட்டினார். உள்ளே இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தைச் சுருட்டினார். வெளியே வெல்டிங் ஓடும்போது தகட்டின் மறுபக்கத்தில் கம்பளமும் மெழுகுப் பூச்சும் சத்தமில்லாமல் புகையத் தொடங்குமாம்.

இவ்வளவுக்கும் பிறகு வெல்டிங் நடந்தது. அரை மணித்தியாலம்கூட இல்லை. அதன்பின் ஒரு பையன், தீயணைக்கும் கருவியைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் காருக்குப் பக்கத்தில் இருந்தான். கைபேசியில் கிரிக்கெட் பார்த்தான். அதுவும் வேலைதான். கட்டணப் பட்டியலில் அதற்கொரு வரி உண்டு.

இந்த ஏற்பாடுகளுக்கும் படிவங்களுக்கும் பின்னால் நிற்பது 1975இல் உருவான தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமும், தீப்பற்றும் பொருட்களைப் பற்றிய 2002ஆம் ஆண்டு விதிகளும். அந்த நிர்வாகம் மூக்கை ஒரு கருவியாக ஏற்பதில்லை. கழுவி மோந்து பார்த்த தாங்கியிலும் பொருத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் எச்சம் சூடு பட்டவுடன் மீண்டும் ஆவியாகும். மூக்கோ கொஞ்ச நேரத்தில் வாசனைக்குப் பழகிப் பேசாமல் இருந்துவிடும்.

ஆனால் சட்டத்துக்கும் கண் சிமிட்டத் தெரியும். 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.ரி. கட்டாயமில்லை. 2023 ஓகஸ்ட் 29இல் லண்டனின் புகைக் கட்டணம் குட்மேய்ஸ் வரை நீண்டபோது, தகுதியில்லாத கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் விதித்தார்கள். பழம்பெரும் வண்டிகளுக்கு அதிலும் விலக்கு. என் பரிதாபமான கார் துருவுக்காகத் தண்டிக்கப்பட, ஈயப் பொட்டு வைத்த தாங்கியோடு எங்கள் அங்கிலியா குட்மேய்ஸ் ஹை ரோட்டில் ராசாவாகப் போய்வந்திருக்கலாம். ஒரேயொரு சிக்கல்: இங்கே சலுகை வரியில் விற்கும் மண்ணெண்ணெயை ஊற்றித் தெருவில் ஓடினால் அது வரி ஏய்ப்பு. அங்கே மண்ணெண்ணெயில் ஓடியதை வீரம் என்றார்கள்.

அந்த மெக்கானிக் அண்ணையைப் பற்றிப் பேச ஊரார் கூடினால், "அந்தக் காலத்தில் ஒரு படிவமும் இல்லை, ஒண்டும் நடக்கேல்லை" என்பார்கள். நானும் தலையாட்டுவதுண்டு. இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றும் நடக்காதவர்கள். நடந்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அங்கே தாங்கி வெடித்தால் செத்தவீட்டோடு கதை முடியும். அடுத்த ஊர் மெக்கானிக் அதை மறுபடி முதலிலிருந்து கற்கவேண்டும். இங்கே எங்கோ எவனோ வெந்ததை ஒருவர் எழுதிவைத்து, விதியாக்கி, என் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார். அண்ணையின் மூக்கில் இருந்ததும் அறிவுதான். அது மூக்கோடு போய்விட்டது.

வீட்டில் அம்மா பட்டியலைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, காவல் இருந்ததற்கான வரியில் விரலை வைத்தார்.

"இந்த ஒரு மணித்தியாலத்திலை என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா."

"ஒண்டும் நடக்காததுக்கு இவ்வளவு காசோ?"

பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கு அந்த நிர்வாகம் இதைவிடச் சுருக்கமாக எழுதியதை நான் படித்ததில்லை. பேரம் பேசாமல் கட்டிய பட்டியல் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.