பிசுப்போ இறைச்சி அல்ல

"இதில் இறைச்சி சேர்க்காதது எது?" என்று என் மனைவி கேட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள் முகம் மலர, கறுப்பாக மினுங்கிய சேமியாவைக் காட்டினார்.

"இதைச் சாப்பிடுங்கள். இறைச்சியே கிடையாது. பிசுப்போ மட்டும்தான்."

அன்று புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. பிசுப்போ என்றால் டின்னில் அடைத்த, உப்பிட்ட மாட்டிறைச்சி.

அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. சமோவாத் தீவுகளுக்கு முதன்முதலில் டின்னில் வந்திறங்கியது பட்டாணி சூப்தானாம். அதன் ஆங்கிலப் பெயர் உள்ளூர் வாயில் பிசுப்போ ஆனது. பிறகு டின்னில் வந்ததெல்லாம் பிசுப்போ. கடைசியில் மாட்டிறைச்சி அந்தப் பெயரைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. எந்தக் கம்பெனி வனஸ்பதியையும் டால்டா என்றே வாங்கிய பரம்பரை நாம், என்னத்தைப் பேச? பெயரளவில் பார்த்தால் அது சுத்த சைவம்.

கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவா நண்பரின் மகளுக்கு 21 வயது நிறைவு. தெற்கு ஆக்லாந்தில், மாங்கரேயில் ஒரு தேவாலயக் கூடத்தில் விழா. சமோவா 1962 வரை நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த நாடு. தொழிற்சாலை வேலைக்கென்று வந்து இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஆயிரக்கணக்கானவர்களில் நண்பரின் அப்பாவும் ஒருவர். வாசலில் அவர்தான் வரவேற்றார். மேலே கோட்டு, டை. கீழே, முழங்காலைத் தாண்டித் தொங்கும் வேட்டி. வேட்டிக்கு இரண்டு பக்கமும் பை! இடுப்பில் பர்ஸைச் செருகி, பந்தியில் குனியும்போதெல்லாம் தொலைத்த என் மாமனார் இதைப் பார்த்திருந்தால் சமோவாவுக்கே குடிபோயிருப்பார்.

அவர்கள் மொழியில் ஆங்கில 'ஜி' எழுத்தைப் போட்டுவிட்டு 'ங' என்று வாசிக்கிறார்கள். வெள்ளைக்காரர் 'பலாங்கி'. மொழி என்பதற்கே 'ஙஙனா'. ஒன்றாம் வகுப்பில் ஙகர வரிசை முழுவதையும் எழுத வைத்தார்களே, எதற்கென்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். நீளமான ஜெபம். நீள மேசைமேல் முழுசாகச் சுட்ட இரண்டு பன்றிகள் மொறுமொறுவென்று படுத்திருந்தன. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. பெருமாள் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும்; ஆனால் மனைவி கண்ணை மூடியிருந்தாள்.

புரட்டாசியைக் காப்பாற்றியது சேம்பு. சூடேற்றிய கற்கள்மேல் உணவை அடுக்கி, வாழை இலையால் மூடி வேகவைக்கும் அடுப்புக்கு 'உமு' என்று பெயர். அதிலிருந்து வந்த 'பலுசாமி' ஒரு பொட்டலம். பெயரைக் கேட்டால் மளிகைக் கடை அண்ணாச்சி மாதிரி இருக்கும். இளஞ்சேம்பு இலையில் வெங்காயமும் கெட்டித் தேங்காய்ப் பாலும் வைத்து மடித்தது. பிரித்தால் புகை வாசனையோடு பச்சை நிறத்தில் ஒரு குழைவு, ஓரத்தில் பால் திரிந்து தயிர்க்கட்டி போல ஒதுங்கியிருக்கிறது. என் மனைவி முதல் வாயை நாக்கில் வைத்தபடி காத்திருந்தாள். சேம்பு அரிக்குமே, இவர்கள் புளி போட்டார்களா? போடவில்லை. அரிக்கவும் இல்லை. உமுவில் நன்றாக வெந்தால் அரிப்பு போய்விடுமாம். "முதல் பால்" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாம் பால் எடுக்கும் வழக்கமே இல்லை என்று கேள்விப்பட்டதும் ஒரு பெருமூச்சு. எங்கள் வீட்டில் மூன்றாம் பால் வரை உண்டு.

பிறகு நடனம். நடனத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'சிவா'. தயவுசெய்து இதை என் பெரியப்பா காதில் போட்டுவிடாதீர்கள். அவருடைய குமரிக்கண்டம் ஏற்கெனவே ஆஸ்திரேலியா வரை வந்துவிட்டது.

விழாவின் கடைசி ஆட்டத்துக்கு 'தவுவலுங்கா' என்று பெயர். கூரைக்கு முகடு வைத்து முடிப்பதைக் குறிக்கும் சொல். பிறந்தநாள் பெண் தலைமுடியும் இறகும் வைத்துக் கட்டிய உயரமான கிரீடத்தோடு வந்தாள். தோளில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. முட்டியை லேசாக மடித்து, விரல்நுனிகளால் மட்டும் பேசுகிற ஆட்டம். முகத்தில் அப்படியொரு அமைதி. அவளைச் சுற்றிலும்தான் அமர்க்களம். சித்தப்பாக்கள் 'சீஹூ' என்று கூவிக்கொண்டு குதிக்கிறார்கள், ஒருவர் தொப்பென்று அவள் காலடியில் விழுந்து புரள்கிறார். அவள் நளினமாக இருப்பது எடுபட வேண்டுமென்றால் பக்கத்தில் நாலு பேர் கோமாளித்தனம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் குடும்ப விழாக்களிலும் இது உண்டு. ஏற்பாடு செய்யாமலே நடக்கும்.

மொய்யும் உண்டு. நோட்டுப் புத்தகம் இல்லை, மைக்கில் பெயர் வாசிப்பதும் இல்லை. ஆடுகிறவள் காலடியில் போடலாம், தோளில் ஒட்டலாம். எண்ணெய்க்கு இருபது டாலர் நோட்டு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைக்காமல் அடுத்த விழாவில் எப்படித் திருப்பிச் செய்வார்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நோட்டு வைக்கப் போன என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். நானும் கையைக் காலை ஆட்டினேன். கூடம் அதிர்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு வரவேற்பா என்று இன்னும் இரண்டு சுற்று ஆடினேன். மகன் எடுத்த வீடியோவை அப்புறம் பார்த்தேன். எனக்கு இரண்டடி பின்னால் நண்பரின் பாட்டி. நான் ஆம் என்பதா இல்லை என்பதா தெரியாமல் தலையை ஆட்டுகிறேனே, அதை அச்சு அசலாக ஆட்டிக்கொண்டு வருகிறார். ஊதாப் பூ போட்ட நீள அங்கி, எண்பதை எட்டிய வயது, முகத்தில் என்னைவிடக் கூடுதலான பக்தி.

நண்பர் சமாதானம் சொன்னார். ஊரில் 'ஃபலே ஐத்து' என்றொரு கேலி நாடகம் உண்டாம். ஆவிகளின் வீடு என்று பொருள். அதில் கோமாளி ஊர்த் தலைவரையே கிழிக்கலாம். பேசுவது ஆவிதானே, அதன்மேல் யார் கோபப்பட முடியும்? தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். "உன்னைக் கேலி செய்யாமல் விட்டிருந்தால்தான் நீ வருத்தப்பட வேண்டும்" என்றார். சொல்லிக்கொண்டே அவரும் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை கிடங்கு முழுவதும் ஆட்டியது.

கிளம்பும்போது அதே பாட்டி வந்து, வெள்ளித்தாள் சுற்றிய நாலு கனத்த தட்டுகளை மனைவியின் கையில் திணித்தார். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லும் நம் ஊர் மரியாதையை அவள் முதல் தடவை தொடங்குவதற்குள் ஐந்தாவது தட்டும் வந்துவிட்டது.

"இதில் இறைச்சி..." என்று இழுத்தாள்.

"சேச்சே, உனக்காகவே தனியாக எடுத்து வைத்தது" என்றார் பாட்டி. "கோழி மட்டும்தான்."