தாத்தா கட்டிய மாடியில் சோலார்: எளிய ஆறு படிகள்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தாத்தா காலத்து வீடு; தேக்குக் கட்டைகள், மேலே சாய்வரிசையில் நிற்கவைத்த செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு என்று மெட்ராஸ் டெரஸ் போட்ட மாடி. உங்களுக்கு இது வாய்த்திருந்தால் கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: முதலில் பணத்தைக் கணக்குப் போடுங்கள். 3 கிலோவாட் வைத்தால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம். கூரை இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று நல்ல காரியத்தின் நடுவே கேட்கக் கூடாது.

படி 2: கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். வந்தால் தளத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையான் மண்ணைச் சுரண்டுவார். சோலார் கம்பெனிப் பையன் எவ்வளவோ மேல். டேப் பிடித்து 300 சதுர அடி தேறினால் சிரித்துவிடுவான்.

படி 3: அம்மாவிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு எந்த அறையில் எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அதைக் கேட்டுவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்துபோகும்.

படி 4: துளை போடுங்கள். சுண்ணாம்புத் தளத்தில் கம்பி கிடையாது, ஆங்கர் போல்ட்டுக்குப் பிடிமானமும் கிடையாது. சுவருக்குச் சுவர் இரும்பு உத்தரம் போட்டு ஸ்டாண்டை அதில் நிறுத்தினால் பாரம் தளத்தில் இறங்காமல் சுவர் வழியே போய்விடும். ஆனால் அதற்குத் தனிச் செலவு. “ஓட்டை போட்டுட்டு கெமிக்கல் அடிச்சு விட்டுடலாம் சார்” என்பார்கள். ஊரில் பாதி மாடிகள் ஒழுகுவது அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான்.

படி 5: காற்றை மறந்துவிடுங்கள். ஒரு பேனல் ஏறக்குறைய 28 கிலோ, ஆறு பேனல், போதாததற்கு இரும்பு. தளம் தாங்குமா என்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்போம். புயலோ அடியில் புகுந்து மேலே தூக்கும். 2016 டிசம்பரில் வர்தா அடித்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறக்காமல் இருக்க சிமென்ட் கட்டைகளை அடுக்கினால் மாடி முனகும். அடுக்காவிட்டால் சோலார் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

படி 6: மானியம் வங்கியில் விழுந்ததும் ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். அடுத்த ஐப்பசியில் அம்மா புது மூலையில் ஒரு வாளி வைப்பார். இப்போது கொத்தனாரைக் கூப்பிடலாம். தட்டோட்டை எடுத்துப் புதுசாகப் போட வேண்டும், மானியத் தொகை அதற்குச் சரியாக இருக்கும் என்பார். பிறகு பேனல்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பார்:

“இதையெல்லாம் எப்பத் தம்பி கழட்டித் தருவீங்க?”