ஒன்றரை மீற்றர் குழாயின் தலைமைப் பொறியியலாளர்

எரிவாயுக் குழாய்த் தொழிலில் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் மேற்பார்வையாளர் என்று ஒரு பெரிய பதவி உண்டு. குஜராத்தில் இருக்கிறார், கட்டாரில் இருக்கிறார், ரஷ்யாவின் பனிக்காட்டிலும் இருக்கிறார். தலையில் பாதுகாப்புத் தொப்பி, உடம்பில் நெருப்புப் பற்றாத சட்டை, மாதம் முடிந்தால் கைநிறையச் சம்பளம். இலங்கையில் இயற்கை எரிவாயுவை ஊருக்கு ஊர் கொண்டுபோகும் குழாய் இல்லை. ஆனால் மேற்பார்வையாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் தம்புள்ளையில் மட்டும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். குசினிக்குள் போய்ப் பாருங்கள், இஞ்சி இடித்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய ஆளுகைக்குட்பட்ட குழாயின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். ஒரு முனையில் சிலிண்டர், மறுமுனையில் அடுப்பு, இடையில் ஒரு ரெகுலேட்டரும் இரண்டு கிளிப்பும். நியமனக் கடிதம் கிடையாது, பயிற்சி கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. இந்த நாட்டின் எரிவாயுப் பாதுகாப்பு முழுவதும் அவர் தலையில்தான் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

உண்மையான குழாய் மேற்பார்வையாளர் என்ன வேலை செய்கிறார் என்று கொஞ்சம் பார்க்கலாம். இரும்புக்குழாய் துருப்பிடிக்காதிருக்க அதற்கு மேற்பூச்சு பூசி, சிறு மின்னோட்டமும் கொடுத்து வைப்பார்கள். அந்த மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும். குழாய்க்குள்ளே ஒரு கருவியை ஓடவிட்டுச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதை நெடுக ஆள் நடந்து போய், மேலே யார் மண் தோண்டுகிறார்கள், யார் வீடு கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டறையில் இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்து அமுக்கத்தைக் கவனிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய்க்குள் என்ன வாயு, எந்த விகிதத்தில், எவ்வளவு ஈரத்தோடு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வால்வைத் திறக்கச் சொன்னால், முதுகெலும்புள்ள மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் குசினி மேற்பார்வையாளருக்கு 2021இல் இந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான் சொல்லப்படவில்லை.

அந்த ஆண்டின் முதற்பாதியில், அரசுக்குச் சொந்தமான லிட்ரோ நிறுவனம் புதுச் சிலிண்டர் ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. வழக்கமான 12.5 கிலோ சிலிண்டர் கடைகளில் அருகிப்போனது. வந்து நின்றது ‘18 லீற்றர்’. பழையதைக் கிலோவில் விற்றார்கள், புதியதை லீற்றரில் விற்றார்கள். உள்ளே இருந்தது 9.18 கிலோ. பழையதன் விலை 1,493 ரூபா, புதியதன் விலை 1,395. அதாவது 98 ரூபா குறைத்துவிட்டு 3.32 கிலோவை உருவிக்கொண்டார்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு முதலாளி கத்தரிக்காயைக் கிலோவுக்கு வாங்கி லீற்றருக்கு விற்றால், நாட்டாமைமார் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கொழும்பில் அதே வேலைக்குப் ‘பிரீமியம்’ என்று பெயர் வைத்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த துஷான் குணவர்தன இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார். செப்டெம்பரில் அவர் பதவி விலகினார். தோண்டுகிறவர் போனபின் வேலை இலகுவாகிவிட்டது.

ஒக்டோபரில் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாட்டை அமைச்சரவை நீக்கியது. சில நாட்களுக்குள் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,750 ரூபாவுக்குத் தாவியது. நவம்பரில் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின.

கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் கட்டடத்தில் நவம்பர் 20ஆம் திகதி ஒரு வெடிப்பு. அதன்பின் நாளுக்கு நாள் ஊருக்கு ஊர் வெடித்தது. கண்ணாடி அடுப்புகள் சிதறின, ரெகுலேட்டர்கள் தீப்பிடித்தன. பொலன்னறுவை மாவட்டத்து வெலிக்கந்தையில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். முறைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் சிலிண்டரை வெளியே வைத்துவிட்டு, விறகடுப்பைத் தேடிப் போனார்கள்.

அப்போது பெரியவர்கள் வாய் திறந்தார்கள். ஹோஸ் பழையதாம். ரெகுலேட்டர் தரமற்றதாம். கிளிப் தளர்ந்திருக்கிறதாம். கண்ணாடி அடுப்பு வாங்கியது தவறாம். சவர்க்கார நுரை பூசிக் கசிவைச் சோதிக்க வேண்டுமாம். வாசித்துப் பாருங்கள்: இது அரசாங்கத்தின் பாதுகாப்பு அறிவுறுத்தல் மாதிரியா இருக்கிறது? மேற்பார்வையாளருக்கு எதிரான குற்றப்பத்திரிகை மாதிரியல்லவா இருக்கிறது! நேற்றுவரை அதே ஹோஸ், அதே கிளிப், அதே அடுப்பு. நாடு முழுவதும் ஒரே மாதத்தில் எல்லா வீட்டு ஹோஸும் சேர்ந்து கிழவியாகிவிட்டதா? இந்தக் கேள்வியைக் கேட்க மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. குசினியில் நிற்பவர் முதல் நாளே கேட்டார். அவருக்கு மைக் கொடுக்க ஆளில்லை.

கடைசியில் மொரட்டுவையிலிருந்தே ஆள் வந்தார். பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. முதன்மைக் காரணம் வாயுவின் கலவை மாற்றம் என்றது. சமையல் வாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. பியூட்டேன் ஏறத்தாழ பூச்சியம் பாகையில் கொதிக்கும், புரொப்பேன் கழித்தல் 42இல். அதனால் குளிர்நாடுகள் புரொப்பேனைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் பியூட்டேன் கூடியிருந்தால் போதும். நம் வெயிலில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இங்கே நீண்டகாலம் 80 பங்கு பியூட்டேன், 20 பங்கு புரொப்பேன் என்றிருந்தது. அந்த ஆண்டில் புரொப்பேன் பாதிக்குப் பாதி வரை ஏறியது என்பதுதான் குற்றச்சாட்டு. பழைய அமுக்கத்துக்குப் பழகிய ரெகுலேட்டரின் தலையில் புது அமுக்கத்தை ஏற்றிவிட்டு, ரெகுலேட்டரைத் திட்டினார்கள்.

இதைச் செய்யுமுன் குசினி மேற்பார்வையாளருக்கு ஒரு துண்டுக் காகிதம் அனுப்பியிருக்கலாம். ‘அம்மா, உங்கள் குழாய்க்குள் இன்றிலிருந்து வேறு சரக்கு ஓடும்’ என்று சிலிண்டரின் கழுத்தில் ஓர் ஓலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். பிஸ்கட் பக்கற்றில் சீனி எவ்வளவு என்று அச்சடிக்கிற நாட்டில், வெடிக்கக்கூடிய பொருளில் என்ன இருக்கிறது என்று அச்சடிக்க அன்று வழியில்லாமல் போனது.

கலவைதான் இப்படியென்றால், வாசனை இன்னொரு கதை. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. எதைல் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்த்தால்தான் கசிவு மூக்குக்குத் தெரியும். குழாய்வழி போகும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும்பிக் கலையும். சமையல் வாயு கனமானது, தரையோடு தவழ்ந்து மூலையில் பதுங்கிக் கிடக்கும். ஆகவே எங்கள் மேற்பார்வையாளரிடம் இருக்கிற ஒரேயொரு அளவுக்கருவி அவருடைய மூக்கு. அந்த டிசம்பரில், கப்பலில் வந்த வாயுவில் மெர்காப்டன் போதவில்லை என்று இறக்க விடாமல் தடுத்தார்கள். தடுத்தது நல்லது. மக்கள் வெடித்துச் செத்த பிறகுதான் அதிகாரிகளின் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒன்று உண்டு. அப்போது லிட்ரோவின் தாய் நிறுவனம் எது தெரியுமா? இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். ஷெல் நிறுவனத்திடமிருந்து 2010இல் வாங்கிய எரிவாயு வியாபாரத்தை அரசாங்கம் கொண்டுபோய் வைத்தது, ஆயுள் காப்புறுதி விற்கிற கடைக்குள். பிள்ளை சிலிண்டர் விற்கும், தாய் பொலிசி விற்பாள். இப்படியொரு குடும்பத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் எந்த நகைச்சுவை எழுத்தாளனும் தயங்குவான். திறைசேரி தயங்கவில்லை.

சிலிண்டரை விடுவோம், பெரிய குழாய்க்கு வருவோம். கெரவலப்பிட்டியில் 300 மெகாவொட் யுகதனவி மின்நிலையம் 2010இல் முழுமையானது. திரவ இயற்கை வாயுவுக்கும் மாற்றக்கூடியதாகக் கட்டியது. வாயு வரவில்லை, எண்ணெய் குடித்து ஓடியது. மன்னார்க் கடலில் 2011இல் கெயார்ன் நிறுவனம் வாயுவைக் கண்டது, நாடே பட்டாசு கொளுத்தியது. சில ஆண்டுகளில் கெயார்ன் பெட்டியைக் கட்டியது. பிறகு 2021 செப்டெம்பரில், நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம். மிதக்கும் முனையம் வரும், கடலுக்கடியால் குழாய் வரும், கூடவே அந்த மின்நிலையத்தில் அரசுக்கு இருந்த 40 வீதப் பங்கும் கைமாறும். நள்ளிரவில் கையெழுத்திட்டார்கள் என்று ஊரே பேசியது. அமைச்சரவைக்குள்ளிருந்தே வாசுதேவ நாணயக்கார, விமல் வீரவங்ச, உதய கம்மன்பில மூவரும் எதிர்த்தார்கள். வீரவங்சவும் கம்மன்பிலவும் 2022 மார்ச்சில் அமைச்சுப் பதவியை இழந்தார்கள். குழாய் வரவில்லை. பக்கத்திலேயே வாயுவுக்கென 350 மெகாவொட் சோபாதனவி எழுந்தது, 2024 ஓகஸ்டில் அதன் முதற்கட்டத்தைத் திறந்தார்கள். அதுவும் எண்ணெயில்தான் தொடங்கியது. உலகத்தில் வாயு இருக்கிற இடத்தில் நிலையம் கட்டுவார்கள். நாங்கள் நிலையங்களை வரிசையாகக் கட்டி வைத்துக்கொண்டு வாயுவை எதிர்பார்த்துக் கடலைப் பார்க்கிறோம். அந்த நள்ளிரவுக் கையெழுத்துக்கும் 2022 மார்ச் இறுதியின் 13 மணிநேர மின்வெட்டுக்கும் இடையில் ஏழு மாதம்கூட இல்லை.

அந்த 2022இல் தம்புள்ளை எப்படி இருந்தது என்று இங்கே ஒருவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. டீசல் இல்லாமல் லொறி வரவில்லை, வந்த மரக்கறி போக வழியில்லாமல் அழுகியது. வீதியோரம் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபா. சில மாதங்களுக்கு முன் வெடிக்குமோ என்று பயந்து வெளியே தூக்கி வைத்த அதே சாமானுக்கு, விலைக் கட்டுப்பாடு இருந்த காலத்தைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து, வெயிலில் நின்று, கிடைத்தால் கும்பிட்டு வாங்கினோம்.

இந்தியாவில் உண்மையான குழாயும் இருக்கிறது, உண்மையான மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள், அங்கே எல்லாம் ஒழுங்கு என்று யாராவது சொன்னால் ஆந்திரத்தின் நகரம் கிராமத்துக்குப் போய்வரட்டும். கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் 2014 ஜூன் 27 அதிகாலை கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் வெடித்து, 20 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென அமைத்த குழாயில் ஈர வாயுவை ஓட்டியிருந்தார்கள். ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அலகு வைக்கப்படவில்லை. குழாய் உள்ளிருந்தே அரித்துப்போயிருந்தது. வாயு மணக்கிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். செய்தி வந்தபோது முதலில் வந்த பெயர் யாருடையது? காலையில் அடுப்பு மூட்டிய தேநீர்க் கடைக்காரருடையது. இயந்திரத்தைப் பார்க்க வேண்டியவன் பார்க்காத இடத்திலெல்லாம், தீக்குச்சி கிழித்தவன்தான் குற்றவாளி. தெலுங்கு தேசத்திலும் அதே சட்டம், சிங்கள தேசத்திலும் அதே சட்டம்.

இப்போது அடுத்த குழாய் பற்றிப் பேசுகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலைக்கு எரிபொருட் குழாய், திருகோணமலை வலுசக்தி மையம், இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் கூட்டு. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது உடன்படிக்கை. அதே பயணத்தில் தம்புள்ளையின் 5,000 தொன் குளிரூட்டிய களஞ்சியத்தையும் திறந்து வைத்தார். வெங்காயத்துக்குக் கிடைத்த வெப்பநிலைக் கண்காணிப்பு எங்கள் குசினிக்கு இன்னும் கிடைக்கவில்லை. திருகோணமலையில் இறங்கும் எண்ணெய் நாளை கொழும்புவரை குழாயில் போக நினைத்தால், ஏ6 வீதி எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. குழாய் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வயலுக்கடியால் போகுமா, குளத்துக் கரையால் போகுமா, யார் நடந்து பார்ப்பார், அமுக்கம் ஏறினால் யார் வால்வைப் பூட்டுவார், வெடித்தால் யார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் சொல்லுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் சொல்லுங்கள். பகலில் சொல்லுங்கள்.

அமைச்சர் பெருமக்களே, அந்தக் குழாய் வருமுன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ளே என்ன கலவை, எத்தனை கிலோ, எந்தக் கப்பல் என்று அச்சடியுங்கள். எரிவாயுவைப் பரிசோதிக்கவும், மோசமானதைத் தடுக்கவும், தண்டிக்கவும் அதிகாரமுள்ள ஓர் ஒழுங்குமுறை அமைப்பை, விற்கிறவனின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 2021இல் அந்தக் கலவைக்கு ஒப்புதல் கொடுத்தவர்களின் பெயர்களை நாட்டுக்குச் சொல்லுங்கள்.

தலைமைப் பொறியியலாளர் பதவியை எங்கள் வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் இத்தனை காலம் பார்த்துவிட்டார்கள். இனி நீங்கள் பாருங்கள்.